கட்டிட நிதியும் ஊரார் வாக்கும்

பாடசாலைக் கட்டிடம் ஒன்றை எழுப்புதற்கு வேண்டிய பொருளை ஈட்டும் வழிகள் சில உள. கொடையாளர் ஒருவரே தருதல் ஒன்று. பலர் சிறுகச் சிறுகச் சேர்த்தல் ஒன்று. அரசாங்கம் திறைசேரியிலிருந்து வழங்குதல் பிறிதொன்று. மலர்தோறும் கட்டிட நிதிப் பட்டியலில் தத்தம் பெயரைத் தேடிப் பழகிய நம் பழைய மாணவருக்கு இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே நான்காவது வழியொன்று வழங்கி வருகின்றது. ஊரார் தம்மேல் தாமே வரி விதித்துக்கொள்ள இசைகின்றனரா என வாக்கெடுத்துக் கேட்டு, அவ்வரியை ஈடாகக் காட்டிக் கடன் பெறுதலே அது. கலிபோர்ணியா மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையை ஈண்டு ஆராய்வோம்.

ஆங்கு பாடசாலைகளை நடத்துவது மக்களால் தெரிவு செய்யப்பட்ட சபையையுடைய பாடசாலை மாவட்டமாகும். கூரை ஒழுகினும் சுவர் வெடிப்பினும் அச்சபையே பொறுப்பு. பெருந்தொகை வேண்டுமிடத்துச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி அதனை வாக்காளர் முன் வைக்கும். மக்கள் இசைந்தால் மாவட்டம் கடன்முறிகளை விற்றுப் பணம் பெறும். முதலும் வட்டியும் நம் நாட்டுச் சோலைவரியை ஒத்த ஆதன வரியின்மேல் ஆண்டுதோறும் சேர்த்து அறவிடப்படும். பிள்ளை இல்லாதவரும் வீடு இருந்தால் இறுத்தேயாக வேண்டும்.

கட்டிடத்தின் உறுதியில் அம்மாநிலத்தார் கருத்துச் செலுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. 1933 மார்ச் 10 ஆம் தேதி மாலை ஆறு மணியை அணுகும் வேளையில் லோங் பீச் நகரை நிலநடுக்கம் தாக்கியது. பாடசாலைகள் பல இடிந்து வீழ்ந்தன. பிள்ளைகள் வீடு சென்றுவிட்ட நேரமாதலாற் பெருங்கேடு தவிர்ந்தது. சில மணி நேரம் முந்தியிருப்பின் என்னாகியிருக்கும் என்பதை எண்ணவும் நெஞ்சு நடுங்குகின்றது. ஒரு மாதத்துக்குள், ஏப்ரில் 10 இல், பாடசாலைக் கட்டிடங்களுக்கு உறுதியான அமைப்பை விதிக்கும் பீல்ட் சட்டம் பிறந்தது. உறுதி வேண்டுமெனின் பணமும் வேண்டுமன்றோ?

பணம் பெறுதலோ எளிதன்று. 1879 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, இத்தகைய கடனுக்கு வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினர் இசைதல் வேண்டும் என விதித்தது. 1978 இல் மக்கள் ஏற்ற 13 ஆம் பிரேரணை ஆதன வரிக்கு உச்ச வரம்பு கட்டியமையால் இவ்வழியே அடைபட்டது. 1986 இலேதான் அது மீண்டும் திறந்தது. 1996 நவம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் 240 கோடி டொலர் கேட்டபோது, பெரும்பான்மையோர் ஆம் என்றும் மூன்றில் இரண்டு சிறிதளவாற் குறைந்து தோற்றது. அடுத்த ஏப்ரிலில் அதே தொகையை மீண்டும் கேட்டு வென்றனர். மூவரில் ஒருவர் மற்றை இருவரையும் தடுத்து நிறுத்தும் இவ்விதி நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆயினும் கடன் முப்பது ஆண்டு நீளக்கூடியதென்பதையும், வாக்களிக்கும் வயதை அடையாதவரும் பின்னர் அதை இறுப்பர் என்பதையும் நோக்குமிடத்து, எதிர்ப்பாரின் அச்சமும் வீண் என்று தள்ளத்தக்கதன்று.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியாக 2000 நவம்பரில் 39 ஆம் பிரேரணை நிறைவேறியது. நூற்றுக்கு 55 வாக்குப் போதும் என்றது. ஆனால் கைம்மாறாகச் சில கட்டுப்பாடுகளைப் பிணைத்தது. எவ்வெவ் வேலைக்குப் பணம் வேண்டும் என்ற பட்டியலை முன்னரே வெளியிடுதல் வேண்டும். அப்பணத்தில் ஒரு டொலரேனும் ஆசிரியர் சம்பளத்துக்குச் செல்லலாகாது. (ஆசிரியராகிய நமக்கு இது சற்றே உறுத்தினும், சரியென்றே ஒப்புகின்றோம்.) ஆண்டுதோறும் கணக்காய்வு வேண்டும். ஏழுபேருக்குக் குறையாத குடிமக்கள் குழு ஒன்று செலவை மேற்பார்க்கும். அதில் வணிகர், முதியோர், வரியிறுப்போர் சங்கத்தார், பெற்றோர் ஆகியோர் இடம்பெறுவர். மாவட்டத்தின் ஊழியரும் ஒப்பந்தகாரரும் அதிற் சேரலாகார். எல்லா வகுப்புகளையும் நடத்தும் ஒன்றிணைந்த மாவட்டமாயின், ஒரு வாக்கெடுப்பால் எழும் வரி, ஒரு இலட்சம் டொலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டொலரைத் தாண்டாதெனக் கணிக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஐந்து இலட்சம் மதிப்புள்ள வீட்டுக்காரருக்கு அது 300 டொலராகும்.

இத்தனை காவல் இருந்தும் தவறு நிகழாமலில்லை. சான் டியேகோவுக்கு அண்மையிலுள்ள பௌவே மாவட்டம் வரிவீதத்தை உயர்த்தோம் என வாக்குறுதி அளித்திருந்தது. ஆகவே 2011 இல் ஏறத்தாழ பத்தரைக் கோடி டொலரைப் பெற்று, முதல் இருபது ஆண்டும் ஒன்றும் இறுக்காமல் வட்டிக்கு வட்டி ஏறவிட்டது. நாற்பது ஆண்டில் இறுக்க வேண்டிய தொகை ஏறக்குறைய 98 கோடி. 2013 இல் மாநிலம் இத்தகைய முறிகளுக்கு 25 ஆண்டு எல்லை வகுத்தது. பெற்ற முதலின் நான்கு மடங்குக்கு மேல் திருப்பி இறுக்கலாகாதென்றும் விதித்தது.

இம்முறையின் ஆழ்ந்த குறை வேறிடத்தில் உளது. உயர்ந்த மாளிகைகள் நிறைந்த ஊரில் சிறிய வரிவீதமே பெருநிதி தரும். எளியோர் ஊரிலோ பெரிய வீதமும் சிறுநிதியே தரும். 1998 முதல் மாநில அரசு புதுக்கட்டிடத்துக்குப் பாதிச் செலவும், பழையதைப் புதுக்குதற்கு முதலில் நூற்றுக்கு 80 உம் பின்னர் 60 உம் தந்து வந்தது. ஆயினும் தன் பங்கைத் திரட்ட வல்ல மாவட்டமே அரசின் பங்கையும் முந்திப் பெற்றது. 2024 நவம்பரில் மக்கள் ஏற்ற 1000 கோடி டொலர் மாநில முறித்திட்டத்தில், வசதி குன்றிய மாவட்டங்களுக்கு அரசின் பங்கு நூற்றுக்கு ஐந்து வரை கூடுதற்கு வழி செய்யப்பட்டது. கூரை ஒழுகும் ஊருக்கு அவ்வைந்து போதியதாக நமக்குத் தோன்றவில்லை.