ப்ரூச்சின் பின்புற ஊக்கை நாமே செய்யலாம்

என் தாயாரின் கூறைப்புடவை நைந்துபோனபோது, அதில் கிழியாமல் எஞ்சியது ஒரே ஒரு ஜரிகை மயில்தான். அதைக் கத்தரித்து, அட்டையில் தைத்து, மகளின் கல்லூரி விழாவுக்காக ஒரு ப்ரூச் செய்தேன். கடையில் வாங்கிய ஊக்கைப் பின்னால் பசையால் ஒட்டினேன். மாலையில் மின்சார ரயிலில் மகளிர் பெட்டியின் நெரிசலில் இறங்கிப் பார்த்தால், சேலையில் ஊக்கு மட்டும் இருந்தது, மயிலைக் காணோம். அன்று மகள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

எங்கள் கட்டடத்திலேயே, கவரிங் நகைப் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற மராட்டியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். "காகா, சொல்லித் தாருங்கள்" என்று அவரிடம் போனேன். அவரிடம் கற்றதை நம் சகோதரிகளுக்கு இங்கே தருகிறேன்.

ஒரே கம்பியில், சுருளையே வில்லாகக் கொண்ட ஊக்குக்கு அமெரிக்கரான வால்டர் ஹண்ட் 1849-இல் காப்புரிமை பெற்றார். நாம் செய்யப்போவதும் அதே தத்துவம்தான்.

தேவையானவை: விறைப்பான பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி (20 கேஜ், சுமார் 0.9 மி.மீ.) 15 செ.மீ., வட்டமூக்குக் குறடு, வெட்டும் குறடு, 2 மி.மீ. ஆணி, சிறு அரம், நைஸ் உப்புத்தாள். மெல்லிய செம்புக் கம்பி வேண்டாம். நான் முதலில் அதில்தான் செய்தேன்; இரண்டு முறை திறந்து மூடியதும் வளைந்தே நின்றுவிட்டது. ஊக்குக்கு உயிர் அதன் விறைப்பு. அதனால் கம்பியை நெருப்பில் காட்டவும் கூடாது; இளகிவிடும்.

செய்முறை (4 செ.மீ. அகல ப்ரூச்சுக்கு):

1. கம்பியின் ஒரு நுனியிலிருந்து 5 செ.மீ. விட்டு, ஆணியில் ஒன்றரைச் சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். இப்போது இரண்டு கால்களும் ஒரே பக்கம் நீளும். குட்டையான கால் ஊசி, நீண்டது அடிக்கால்.

2. அடிக்காலில், சுருளை ஒட்டி ஒரு சிறு வளையம் போடுங்கள். 3 செ.மீ. தள்ளி இன்னொன்று. இவை தையலுக்கு; ப்ரூச்சின் முதுகில் தட்டையாகப் படிய வேண்டும். சுருள் மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

3. மீதிக் கம்பியை மேலே தூக்கி, ஊசியைக் கவ்வும்படி கொக்கியாக வளையுங்கள்.

4. ஊசியைக் கொக்கிக்குச் சற்றே வெளியே வரும் அளவில் வெட்டுங்கள். வெட்டும்போது துண்டு கண்ணில் தெறிக்கும். மேலே துணியைப் போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

5. கம்பியைச் சுழற்றிக்கொண்டே நுனியை அரத்தால் கூராக்கி, பிறகு உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். பழைய பட்டுத் துண்டில் குத்திப் பாருங்கள். ஒரு நூல் இழுத்தாலும் மறுபடி தேய்க்க வேண்டும். பிறர் பட்டுப்புடவையைக் கிழித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது எளிதல்ல!

6. ஊசியை விட்டால் அது தானே துள்ளி விலக வேண்டும். அந்தத் துள்ளல்தான் ஊசியைக் கொக்கிக்குள் அழுத்தி நிறுத்தும்.

பொருத்தும் இடம் மிக முக்கியம். நடுவில் வைத்தால் ப்ரூச் முன்னால் கவிழும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். பின்புறம் பார்க்கையில் சுருள் வலப்பக்கம், கொக்கி இடப்பக்கம், கொக்கியின் வாய் கீழ்நோக்கி. அப்போது ப்ரூச்சின் பாரமே கொக்கியை ஊசியின்மேல் அமர்த்தும். வாய் மேலே இருந்தால், அதே பாரம் ப்ரூச்சை நழுவ விட்டுவிடும்.

இரு வளையங்களையும் ஃபெல்ட் துணியில் நைலான் நூலால் ஆறேழு தையல் போட்டு இறுக்கியபின், அந்தத் துணியை அட்டையின் முதுகில் வைத்து ஓரம் முழுவதும் தையுங்கள். பசை மட்டும் போதாது என்பதை நான் மயிலைக் கொடுத்துக் கற்றேன்.

முதல் எட்டுக் கம்பிகள் வீணாயின, ஒன்பதாவது நின்றது. கூறைப்புடவையில் மிஞ்சிய கொடிக்கரையில் செய்த ப்ரூச் இப்போது மகளின் தோளில் இருக்கிறது. அதே ரயிலில் தினமும் போய் வருகிறது, இதுவரை விழவில்லை. உங்கள் பெட்டியிலும் தாயார் கொடுத்த நைந்த புடவை ஒன்று இருக்கும். அதை வெட்டுவதற்கு முன், வெறுங்கம்பியில் பத்து ஊக்குகள் செய்து பழகுங்கள்.