கணப்பருகே உட்கார்ந்து கேட்ட ராஜா

அன்புள்ள மருமகனுக்கு,

  

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். தினமும் பைபிள் வாசிக்கிறேன், ஆபீஸ் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டும் கேட்கிறேன், ஒன்றும் மனசில் ஒட்டவில்லை, இருதயம் கடினப்பட்டுவிட்டதோ என்று பயமாயிருக்கிறது என்கிறாய். அதே கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணனோடு பேச்சு நின்றுபோனதையும் எழுதியிருக்கிறாய். நீ இரண்டையும் தனித்தனியாக எழுதினாய். நான் சேர்த்துத்தான் படித்தேன்.

முதலில் உன் பயத்துக்கு வருகிறேன். வாசிக்கும்போது உள்ளம் பொங்கவில்லை என்று கலங்காதே. கன்வென்ஷன் பந்தலில் கடைசிப் பாட்டுக்குக் கண்ணைத் துடைக்கிறவர்களை நான் ஆயுசு முழுக்கப் பார்த்துவிட்டேன். ஏரோதுகூட யோவான் ஸ்நானனின் பேச்சை விருப்பத்தோடு கேட்டவன்தான் என்று மாற்கு எழுதுகிறார். அவரை நீதிமான் என்று மதித்தான், பயந்தான். தன் சகோதரன் மனைவி ஏரோதியாளைச் சேர்த்துக்கொண்ட விஷயத்தில் மட்டும் யோவான் வாய் திறக்கக்கூடாது. கடைசியில் யோவானின் தலை தாலத்தில் வந்தது.

நாலு நிலம் உவமை உனக்குச் சண்டே ஸ்கூலிலேயே மனப்பாடம். அதில் ஒரு சங்கடம், வாசிக்கிற எல்லாருமே நம்மை நாலாவதான நல்ல நிலத்தில்தான் வைத்துக்கொள்கிறோம். அதனால் உன்னை வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். எரேமியா 36.

யூதாவின் ராஜா யோயாக்கீம் அரசாண்ட ஐந்தாம் வருஷம், ஒன்பதாம் மாதம், கி.மு. 604-ஐ ஒட்டிய குளிர்காலம். தேசத்துக்கு வரும் தண்டனையைத் தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல, சம்பிரதியாகிய பாருக்கு மையினால் எழுதின சுருள் ஒரே நாளில் மூன்று இடத்தில் வாசிக்கப்படுகிறது. முதலில் ஆலயத்தில், ஜனங்களுக்கு. அடுத்து அரமனை அதிகாரிகளுக்கு. அவர்கள் கேட்டு வெலவெலத்துப்போய், நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்று பாருக்கை அனுப்பிவிடுகிறார்கள். கடைசியில் ராஜாவுக்கு. ராஜா குளிர்கால வீட்டில், எதிரே கணப்பு எரிய உட்கார்ந்திருக்கிறான். யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி முடிந்ததும், ராஜா சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். அடுத்த மூன்று நாலு பத்தி, மறுபடி கத்தி. சுருள் முழுதும் தீரும்வரை இதேதான்.

இதில் என்னை உலுக்குவது கத்தியல்ல. அவன் முழுச் சுருளையும் கேட்டான்! எழுந்து போகவில்லை, வாசிக்கிறவனை விரட்டவில்லை. கதகதப்பாக உட்கார்ந்து கடைசிப் பத்திவரை காது கொடுத்தான். கேட்ட பகுதி ஒவ்வொன்றும் அடுத்தது வருமுன்னே சாம்பலாயிற்று. நீ ஒன்றையும் எரிக்கவில்லை, தெரியும். ஆனால் குத்துகிற பகுதி வந்ததும் விரல் அடுத்த அதிகாரத்துக்கு நகர்ந்துவிடுகிறதா, இல்லையா?

யோயாக்கீமுடைய அப்பா யோசியா. இதற்கு ஏறக்குறைய 18 வருஷம் முன்பு, ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது பிரதான ஆசாரியன் இல்க்கியா ஒரு புஸ்தகத்தைக் கண்டெடுத்தான். சம்பிரதியாகிய சாப்பான் அதை ராஜாவுக்கு வாசித்தான். யோசியா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். அப்பன் உடுப்பைக் கிழித்தான், மகன் புஸ்தகத்தை அறுத்தான். யோயாக்கீமும் அவன் ஆட்களும் தங்கள் வஸ்திரங்களைக் கிழிக்கவில்லை என்று எரேமியா புஸ்தகமே சொல்லிக்காட்டுகிறது.

யோசியாவுக்கு உல்தாள் தீர்க்கதரிசியானவள் சொல்லி அனுப்பியதைக் கவனமாகப் படி. உன் இருதயம் இளகினது, தாழ்ந்துபோனாய், அதனால் உன் ஜெபம் கேட்கப்பட்டது என்கிறாள். ஆனால் தேசத்துக்கு வரும் தண்டனை ரத்து என்று சொல்லவில்லை. உன் காலத்தில் வராது, அவ்வளவே. அது தெரிந்தும் அவன் ஆலயத்தைச் சுத்தம்பண்ணினான், பஸ்கா ஆசரித்தான். தனக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்காமல் கேட்ட காது அது.

நம்முடைய பழக்கம் வேறு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, எரேமியா 29:11 வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். ஆண்டவர் சமாதானத்துக்கான நினைவுகளை வைத்திருக்கிறார் என்ற வசனம். நம் சொந்தக்காரர் வீடுகளில் பாதிக்கு மேல் காலண்டரில் தொங்குகிறது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் நன்மைக்காகவே ஜெபியுங்கள். அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அட்டை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறவள்தான். ஆனால் அந்தக் காலத்தில் ரிசல்ட் பேப்பரில் தன் நம்பரை மட்டும் தேடின பையனாய் வருஷம் முழுக்க வேதத்தைப் புரட்டினால், நமக்கு ஒத்துவராத ஒன்றைக் கேட்கும் பழக்கமே போய்விடும்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆலயத்தில் பாருக்கு சுருளை வாசித்தது சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில்தான். எரிக்கவேண்டாம் என்று ராஜாவிடம் மன்றாடின மூவரில் கெமரியாவும் ஒருவன். எரேமியாவைச் சாகவிடாமல் காத்த அகீக்காமும், பாபிலோனுக்கு அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனவர்களில் ஒருவனும் சாப்பானின் மக்களே என்றுதான் வேத அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். யோசியாவுக்கு வாசித்துக் காட்டினவன் வீட்டிலும் வாசித்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். அரமனையில் வளர்ந்தவனுக்கு வராத கேட்கும் காது சம்பிரதி வீட்டுப் பிள்ளைக்கு வந்தது.

இனி நீ செய்யவேண்டியது. ஆப்பில் வரும் தினவசனத்தைக் கொஞ்ச நாள் நிறுத்து. ஒரு புஸ்தகத்தை எடுத்து முதலிலிருந்து வரிசையாக வாசி. மாற்குவுக்கு 16 அதிகாரம்தான், ஒரு ஞாயிறு சாயங்காலம் சத்தமாக வாசித்தே முடித்துவிடலாம். வாசிக்குமுன் கண்ணைத் திறந்தருளும் என்று கேள். பிலிப்பியில் ஆற்றோரம் பவுல் பேசினபோது லீதியாளின் இருதயத்தைத் திறந்ததும் கர்த்தர்தான். ஞானஸ்நானம் பெற்றதும் அவள் செய்த முதல் காரியம், வந்தவர்களை வருந்தி அழைத்துத் தன் வீட்டில் தங்கவைத்தது. எங்கே குத்துகிறதோ அங்கே நின்றுவிடு. அதை ஸ்டேட்டஸில் போடாதே. பிரசங்கத்தில் கேட்டதை “இது அண்ணனுக்குத்தான்” என்று அவனுக்கு அனுப்பிவைக்கவும் வேண்டாம். அந்த வசனம் கேட்கிற ஒரு காரியத்தைச் செய்தபின் அடுத்த அதிகாரத்துக்குப் போனால் போதும். இந்த வழியில் வாசிப்பு மெதுவாகத்தான் நகரும். வருஷத்துக்கு ஒரு தரம் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை முடிக்கிற கணக்கில் பின்தங்கிப்போவாய், பரவாயில்லை.

எங்கே நிற்பாய் என்று எனக்கு ஓரளவு தெரியும். மத்தேயு 5-ல், பலிபீடத்தண்டை காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறாரே, அங்கேதான். யாருக்கு எவ்வளவு பங்கு என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அது பத்திரத்தை வைத்துக்கொண்டு பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசவேண்டியது. உன் உரிமையை விடு என்றும் சொல்லவில்லை. பேச்சைத் தொடங்கு என்கிறேன். அவன் முதலில் கூப்பிடட்டும் என்று நீ நினைப்பாய். யாருக்கு யார்மேல் குறை உண்டு என்று அந்த வசனத்தில் சொல்லியிருக்கிறது என்பதை ஒரு தரம் பார்த்துக்கொள்.

அண்ணன் நம்பர் மாறிவிட்டதாம். புது நம்பர் உங்கள் அம்மாவிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள். ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் டியூட்டி முடிந்து வருகிறானாம்.

அன்புடன்,
உன் அத்தை