உடலுள் ஓர் அரங்கம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியினின்று வடக்கே நோக்குவார்க்குத் திருவரங்கம் ஒரு தீவாகத் தோன்றும். தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமும் அதனைச் சூழ்ந்து செல்கின்றன. இத்தகைய ஆற்றிடைக்குறைக்கு அரங்கம் என்பதும் ஒரு பெயர். நீர் சூழ்ந்த அரங்கங்கள் நம் உடலிலும் எண்ணிலவாய் உள்ளன. அவற்றுள் ஒருவகையே தசைச் செல்கள்.

தசைச் செல்லைச் சூழ்ந்த நீரில் சோடிய அயனிகள் மிகுதி. உள்ளே பொட்டாசிய அயனிகள் மிகுதி. அயனியாவது மின்னூட்டம் பெற்ற அணு. தசைச்சாற்றில் பொட்டாசியமும் குருதியில் சோடியமும் மேம்பட்டிருத்தலை ஜெர்மானிய அறிஞர் லீபிக் 1847-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். உள்ளே பொட்டாசியத்தின் செறிவு வெளியே உள்ளதைப்போல் ஏறத்தாழ 30 மடங்காகும்.

உள்ளிருக்கும் பொட்டாசியம் எந்நிலையில் இருக்கிறது? புரதங்களோடு பிணைப்புண்டு கிடக்கிறது என்றனர் சிலர். தடையின்றி உலவுகிறது என்றனர் வேறு சிலர். குஷ்மெரிக், பொடால்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் 1969-ஆம் ஆண்டில் தவளையின் தசையைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். பொட்டாசியம் தசையினுள் பரவும் வேகம், வெறும் நீரில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. மின்னூட்டமே இல்லாத சார்பிட்டால் என்னும் பொருளின் வேகமும் அவ்வாறே குறைந்தது. ஆதலின், வேகம் குறைந்தமைக்குக் காரணம் பிணைப்பன்று. உள்ளே செறிந்த புரத இழைகளின் நெருக்கமே என்பது புலனாயிற்று. வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்துத் தெருக்களில் மக்கள் மெல்லவே நடப்பர். அவர்களை எவரும் கட்டி நிறுத்தவில்லை. கூட்டமே நடையைத் தளர்த்துகிறது.

கட்டில்லாத பொட்டாசியம் வெளியே ஓடிவிடாதோ? ஓடத்தான் செய்கிறது. செல்லின் சவ்விலுள்ள நுண்வழிகளால் அஃது இடையறாது கசிகிறது. அதனை மீட்பது சவ்விலேயே அமைந்த ஒரு புரதம். கழனிக்கு நீர் இறைக்கும் ஏற்றம்போல, அது முறைதோறும் மூன்று சோடிய அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே சேர்க்கிறது. டென்மார்க்கு நாட்டு ஸ்கூ என்பவர் நண்டின் நரம்பை ஆராய்ந்து 1957-ஆம் ஆண்டில் இப்புரதத்தைப் பற்றி வெளியிட்டார். 1997-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார்.

மலைக்கோட்டைப் படிகளில் நாம் ஏறுங்கால், தசை சுருங்குந்தோறும் சிறிது பொட்டாசியம் வெளியேறுகிறது. ஏற்றம் அதனைத் திரும்பச் சேர்க்கிறது. இத்தொழிலுக்கு வேண்டும் ஆற்றலை உணவு தருகிறது. வாழைப்பழம், இளநீர், கீரை, பயறு ஆகியவை பொட்டாசியத்தையும் அளிக்கின்றன. குருதியில் இதன் அளவு மிகினும் குறையினும் கேடே. தசை தளரும், இதயத்துடிப்பும் பிறழும்.

மாணவர்களே! கரையை நாளும் பேணும் ஊரே வெள்ளத்தினின்று பிழைக்கும். செல்லும் அத்தகையதே. அதன் செல்வம் பூட்டி வைத்ததன்று. ஓயாது உழைத்துக் காத்தது. அவ்வுழைப்பு ஓயின் உள்ளும் புறமும் ஒன்றாகும், உயிரும் நீங்கும்.