அறுவை சிகிச்சைக்குப் பின் உங்கள் பெண் முயல்: தையலோடு குடலையும் கவனியுங்கள்

கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்ட முயலை வீட்டுக்கு எடுத்துச் செல்வோர் எங்களிடம் முதலில் கேட்பது தையலைப் பற்றியே. அக்கறையான கேள்விதான். ஆயினும் முதல் இரண்டு நாள்களில் தையலைவிட உன்னிப்பாகக் கவனிக்க வேண்டியது அதன் குடலை.

குடல் ஏன் முக்கியம்?

முயலின் குடல் ஓயாது இயங்க வேண்டியது. மயக்க மருந்து, வலி, அச்சம் ஆகிய மூன்றும் அதனை மந்தப்படுத்தும். வலியால் முயல் உண்ணாது. உண்ணாததால் குடல் மேலும் தளரும். வாயு சேர்ந்து வலி பெருகும். இது தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நாய், பூனைகளைப் போல் முயலை அறுவைக்கு முன் இரவு முழுதும் பட்டினி போடச் சொல்லாததும் இதனால்தான்.

முதல் இரவு

கூண்டில் மரத்தூளை நீக்கிச் சுத்தமான துணியை விரியுங்கள். தூள் தையலில் ஒட்டும். நேர் வெயிலும் குளிர்காற்றும் படாத அமைதியான இடம் நன்று. பிற முயல்களைப் பிரித்து வையுங்கள். வழக்கமாகத் தின்னும் உலர்புல், அறுகம்புல், கொத்தமல்லித் தழை ஆகியவற்றை வாய்க்கு எட்டும்படி வையுங்கள். புதிய உணவு எதுவும் வேண்டா. தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

அன்றிரவே முயல் சிறிதேனும் கொறிக்க வேண்டும். புழுக்கை முதலில் சிறியதாகவும் குறைவாகவும் இருக்கலாம். மறுநாள் முதல் அளவு கூடி வர வேண்டும். உண்ட நேரத்தையும் புழுக்கையின் அளவையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

வலியை அறிவது எப்படி?

முயல் வலியை மறைக்கும் விலங்கு; பெரும்பாலும் கத்தாது. மூலையில் குன்றி அமர்தல், கண்களைப் பாதி மூடியிருத்தல், பற்களை நறநறவெனக் கடித்தல், வயிற்றைத் தரையோடு அழுத்துதல் ஆகியவை வலியின் அடையாளங்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், எழுதிக் கொடுத்த வலிமருந்தைக் குறித்த நாள் வரை கொடுங்கள். மனிதர்க்கான மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

தையல்

காலையும் மாலையும் பாருங்கள். இலேசான சிவப்பும் வீக்கமும் இயல்பே. மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டா, குளிப்பாட்டவும் வேண்டா. பத்து நாள் வரை உயரத்தில் தாவ விடாதீர்கள். நாங்கள் சொன்னாலன்றிக் கழுத்துக் கூம்பை மாட்டாதீர்கள். முயல் தன் மென்புழுக்கையை உடலிலிருந்தே நேரே எடுத்து உண்டு சத்துப் பெறுகிறது. கூம்பு அதைத் தடுத்துவிடும்.

உடனே அழைத்து வர வேண்டியவை

* பன்னிரண்டு மணி நேரமாக எதுவும் உண்ணாமை அல்லது புழுக்கை போடாமை
* வயிறு உப்பிக் கடினமாதல். இந்நிலையில் வாயில் உணவு புகட்டாதீர்கள்
* சோர்ந்து கிடத்தல், காதுகள் சில்லிட்டிருத்தல்
* தையலில் இரத்தம், சீழ், பிளவு, அல்லது ஈ மொய்த்தல்

இவற்றுள் ஒன்று இரவில் தென்பட்டாலும் காலைவரை காத்திராதீர்கள். சில மணி நேரத் தாமதமே உயிரைப் பறிக்கக்கூடும்.

வயது முதிர்ந்த பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் பரவலாக வருவதால்தான் இவ்வறுவையை நாங்கள் பரிந்துரைக்கிறோம். அந்தப் பயன் கைகூடுவது இச்சில நாள்களில் நீங்கள் காட்டும் விழிப்பில் இருக்கிறது. தையலைக் காட்ட வரும்போது நீங்கள் குறித்து வைத்த தாளையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.