மண் அரிமானம் காட்டும் பேட்லேண்ட்ஸ் பூங்கா

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் காணச் செல்லும் விவசாய அன்பர்கள், தெற்கு டகோட்டா மாநிலத்திலுள்ள பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவையும் பார்த்து வரலாம். சுமார் 2,44,000 ஏக்கர் பரப்புள்ள இங்கு, புல்வெளியும் மழைநீர் அறுத்த களிப்பாறைக் குன்றுகளும் அடுத்தடுத்து உள்ளன. குன்றுகள் ஆண்டுக்குச் சுமார் ஓர் அங்குலம் கரைகின்றன. இது இயற்கையான அரிமானம், உழவால் வந்ததன்று.

எப்போது செல்லலாம்? செப்டம்பர் மாதம் ஏற்றது. ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. நடைபாதைகளில் குடிநீர் கிடைக்காது. கையோடு எடுத்துச் செல்லவும். மழை பெய்தால் களிமண் வழுக்கும். சரிவில் ஏற வேண்டாம். காட்டெருமைகளை நெருங்கக் கூடாது.

எதைக் கவனிக்க வேண்டும்? அரித்த நிலத்தின் நடுவே மேசைபோல் நிற்கும் புல் திட்டுகளைப் பாருங்கள். புல்லின் வேர் பிடித்த மண் நிற்கிறது. பக்கத்தில் புல்லற்ற சரிவு ஓடையாக அறுபடுகிறது. இப்பகுதியில் குடியேறிப் புல்வெளியை உழுதவர்களில் பலர், 1930-களின் வறட்சியில் நிலத்தைக் கைவிட்டுப் போயினர்.

ஊர் திரும்பியதும் உங்கள் மானாவாரி நிலத்தைச் சரிவுக்குக் குறுக்கே உழவும். சம உயர வரப்பு அமைத்து, அதன்மேல் கொழுக்கட்டைப்புல் வளர்க்கவும். போன மேல்மண்ணை உங்கள் ஆயுளில் திரும்பப் பெற முடியாது.