கடும் ஒவ்வாமையை அறிந்து முதலுதவி செய்தல்

கூவம் ஆற்றின் கரையில் அமைந்த திருவேற்காடு, வேல மரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். அங்குள்ள வேதபுரீசுவரர் திருக்கோயிலின் தல விருட்சமும் வெள்வேல மரமே. அவ்வூருக்கு விடந்தீண்டாப்பதி என்ற பெயரும் வழங்கி வருகிறது. நஞ்சினால் உயிர் போகலாகாது என்ற நம் முன்னோரின் வேண்டுதல் அப்பெயரிலேயே விளங்குகிறது. இன்று அப்பகுதி பெரும்பாலும் நகரமாகிவிட்டது. ஆயினும், அங்காயினும் வேறு சிற்றூர்களிலாயினும், தேனடையும் குளவிக் கூடும் இல்லாத இடம் அரிது. எனவே கொட்டுக்கடியால் நேரும் கடும் ஒவ்வாமையைப் பற்றி ஒவ்வொரு பஞ்சாயத்து உறுப்பினரும் விவசாயியும் அறிந்திருத்தல் நலம்.

நஞ்சு மிகுந்தால்தான் ஆபத்து என்று நாம் எண்ணுகிறோம். பல தேனீக்கள் ஒருங்கே கொட்டினால் நஞ்சின் மிகுதியே தீங்கு செய்யும் என்பது உண்மையே. ஆனால் ஒவ்வாமை உடையவருக்கு ஒரே ஒரு கொட்டும் போதும். அங்கே தீங்கு செய்வது நஞ்சின் அளவன்று. அதனை எதிர்க்க முற்பட்ட உடல் அளவு கடந்து கிளர்ந்தெழுவதே ஆகும். இவ்வுண்மையை 1901, 1902 ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு அறிஞர்களான ரிஷே, போர்த்தியே ஆகிய இருவரும் ஆராய்ந்து கண்டனர். கடல் உயிர் ஒன்றின் நஞ்சைச் சிறிதளவு ஏற்றபோது பிழைத்திருந்த நாய், சில வாரங்கள் கழித்து மீண்டும் சிறிதளவு ஏற்றவுடன் இறந்துபட்டது. இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913 இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே, "முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை" என்று கூறி வாளாவிருத்தல் தகாது.

கொட்டு மட்டுமே காரணம் அன்று. இறால், நண்டு, வேர்க்கடலை, முட்டை, பால் போன்ற உணவுகளாலும், பெனிசிலின் முதலிய மருந்துகளாலும், பாம்புக்கடிக்குச் செலுத்தும் நச்சுமுறி மருந்தாலும் சிலருக்கு இந்நிலை நேரலாம்.

இதனைக் கண்டறிவது எங்ஙனம்? கொட்டிய இடத்தில் மட்டும் வலியும் வீக்கமும் இருப்பின் பெரும்பாலும் அச்சமில்லை. கொட்டியது கையில், ஆனால் தொல்லை தொலைவிலுள்ள வேறு உறுப்புகளில் தோன்றுகிறது என்றால், அதுவே எச்சரிக்கை. கீழ்க்கண்ட குறிகளை நோக்க வேண்டும்:

1. உடலெங்கும் அரிப்பு, தடிப்பு. உதடு, இமை, நாக்கு வீங்குதல்.
2. குரல் கம்முதல், தொண்டை அடைத்தல், மூச்சிரைப்பு, நெஞ்சில் விசில் போன்ற ஓசை.
3. தலைசுற்றல், முகம் வெளிறுதல், வியர்த்தல், மயக்கம்.
4. வயிற்றுவலி, இடைவிடாத வாந்தி.

இவற்றுள் இரண்டு வகைக் குறிகள் சேர்ந்து தோன்றினால் கடும் ஒவ்வாமை என்றே கொள்ளுதல் வேண்டும். ஒவ்வாத பொருள் பட்ட சற்று நேரத்தில் மூச்சுத் திணறலோ மயக்கமோ மட்டும் கண்டாலும் அவ்வாறே கொள்க. சிலருக்குத் தோலில் தடிப்பே காணாது. கொட்டுக்கடியில் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

உடனே செய்யவேண்டியவை இவை. முதலில் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துக. மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். கருவுற்றவரை இடப்புறமாகப் படுக்க வைக்கவும். தேனீயின் கொடுக்கு தோலில் பதிந்திருந்தால் காலந்தாழ்த்தாது அகற்றுக. மூச்சு நின்றுவிடின், பயிற்சி பெற்றவர் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டும்.

இந்நிலைக்கு உரிய மருந்து அட்ரினலின் ஊசியே. மருத்துவரோ செவிலியரோ அதனைத் தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்துவர். அரிப்பு மாத்திரை தடிப்பைத் தணிக்கலாம். ஆனால் அடைக்கும் தொண்டையைத் திறக்காது. தாழும் இரத்த அழுத்தத்தையும் நிமிர்த்தாது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பொன்னான நேரத்தை இழப்பதாகும்.

நம் ஊர்களில் காணும் பெரும் பிழை ஒன்றுண்டு. மயங்கிய நிலையில் உள்ளவரை எழுப்பி நடத்துகிறோம். அல்லது மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே நிமிர்த்தி உட்காரவைத்து விரைகிறோம். இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கையில் திடீரென நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து உயிரே பிரியக்கூடும். படுத்த நிலையிலேயே கொண்டு செல்லுதல் வேண்டும். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவிக் காத்திருப்பதும், மயங்கியவர் வாயில் நீர் புகட்டுவதும் தவிர்க்கத்தக்கவை. குணமான பின்னும் சில மணி நேரம் கழித்துக் குறிகள் மீண்டும் தோன்றலாம். ஆதலால் மருத்துவர் விடுவிக்கும் வரை வீடு திரும்பலாகாது.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை சில உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணைப் பொது இடங்களில் எழுதி வைக்கலாம். அங்கே அட்ரினலின் இருப்பில் உள்ளதா என்று அவ்வப்போது கேட்டறியலாம். ஏரி, வாய்க்கால் வேலை தொடங்குமுன் மரங்களையும் புதர்களையும் பார்வையிடலாம். கூடு தென்பட்டால் கல்லெறியாமலும் தீ மூட்டாமலும் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். ஒவ்வாமை உடையோர் அதன் காரணத்தை எழுதிய சீட்டு ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்குமாறு கூறலாம்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. குறிகளை அறிந்த ஒருவர் வேலைத்தலம் தோறும் இருப்பாராயின், ஒரு சிறு கொட்டினால் ஒரு குடும்பம் ஆதரவிழக்கும் நிலையை நாம் பெரிதும் தவிர்க்கலாம்.