பேரளம் தாண்டினால் புதுச்சேரி!

கேள்வி: பேரளம் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் வண்டி நம்பர் ‘பி.ஒய். 02’ ஆகிவிடுகிறது, பெட்ரோல் விலையும் மாறிவிடுகிறது. அதே வயல், அதே வாய்க்கால். திருநள்ளாறு மட்டும் எப்படிப் புதுச்சேரிக்குப் போனது?
- மயிலாடுதுறை வாசகர்

பதில்: திருநள்ளாறு அடங்கிய காரைக்கால் பகுதி புதுச்சேரியோடு சேர்ந்ததெல்லாம் தஞ்சாவூர் அரண்மனைச் சண்டையின் உபயம். 1738இல் அரியணைக்காக மல்லுக்கு நின்ற மராட்டிய இளவரசர் சாஹுஜிக்குப் பணமும் ஆயுதமும் வேண்டியிருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் தூமாவுக்கோ சோழநாட்டுக் கடற்கரையில் ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. பேரம் படிந்தது; காரியம் முடிந்ததும் சாஹுஜி கையை விரித்தார். பிரெஞ்சுக்காரர்கள் விடுவார்களா? ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப்பின் படை உதவியோடு 1739 பிப்ரவரியில் காரைக்காலில் கால் வைத்துவிட்டார்கள்.

முதலில் கிடைத்தவை கோட்டையும் சில ஊர்களும்தான். அடுத்து தஞ்சாவூர் அரியணைக்கு வந்த பிரதாப் சிங் காலத்தில் நிலம் பெருகியது. 1750 ஜனவரி ஒப்பந்தத்தில் காரைக்காலைச் சுற்றி 81 ஊர்கள் பிரெஞ்சுக்காரர் வசமாயின. ஆண்டுதோறும் கட்டிவந்த 2,000 வராகன் குத்தகையும் தள்ளுபடி! இந்த எல்லை ஆற்றைப் பார்த்தோ மொழியைப் பார்த்தோ போட்டதல்ல, நிலப் பத்திரத்தைப் பார்த்துப் போட்டது என்பேன். அதனால்தான் ஒரே வரப்பின் இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் ஒரு அரசு.

நடுவில் ஆங்கிலேயர் பலமுறை பிடித்ததும் திருப்பித் தந்ததும் உண்டு. கடைசியாக 1817இல் பிரான்ஸிடம் திரும்பியது. 1898இல் பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு ரயிலும் வந்தது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல்.

அந்தப் பழைய பத்திரத்தின் பலன் இன்றும் வாய்க்காலில் ஓடுகிறது. 2007இல் வந்த காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கினார்கள். ஆனால் இது கடைமடை. மேலே திறந்துவிட்ட தண்ணீர் தமிழ்நாட்டு வயல்களையெல்லாம் தாண்டித்தான் இங்கே வந்து சேர வேண்டும்.

கேள்வி: திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்று போகின்றனவாமே?
- கும்பகோணம் வாசகர்

பதில்: சுத்தப் புளுகு. தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது, நின்றால் விழுந்துவிடும். இந்த ஊரில் கூட்டம் கூடுவது சனிப் பெயர்ச்சிக்கு. சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு ஆகிறது. அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. பெயர்ச்சிக் கூட்டத்தின் கணக்கு அவ்வளவுதான்.

இந்த ஊரின் பெருமைக்குப் புளுகு எதற்கு? சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று. மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர். சனீஸ்வரர் இருப்பது அம்பாள் சந்நிதி வாசலையொட்டிய மாடத்தில். எள் விளக்கு வரிசையில் நின்றுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறவர்கள் ஏராளம். நீங்கள் போனால் மூலவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். நளதீர்த்தத்தில் குளித்த பிறகு பழந்துணியைத் தண்ணீரில் விடாதீர்கள்.